கேம்பஸ் மாஸ்டர் பிளான் சர்வீஸ்: படத்துக்கு அஞ்சு ஸ்டார், விதிக்கு ரெண்டரை

எங்க யுனிவர்சிட்டில அடுத்த 20 வருஷத்துக்கு கட்டிடம் எங்கெங்க வரலாம், எந்த இடம் காலியாவே கிடக்கணும்னு முடிவு பண்ண ஒரு கன்சல்டன்ட் கம்பெனிய பிடிச்சாங்க. கம்பெனி பேர சொல்ல மாட்டேன், ஏன்னா மத்த கம்பெனிங்க காட்டின சாம்பிள் ரிப்போர்ட்டையும் பாத்தேன், பேக்கேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அட்டைல லோகோதான் வேற. நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது, பில்டிங் கமிட்டில ஆசிரியர்கள் சார்பா உக்காந்திருந்தவன், அதனால முதல் டிராஃப்ட்ல இருந்து கடைசி ரிப்போர்ட் வரைக்கும் எல்லாத்தையும் படிக்க வேண்டி வந்துச்சு. உங்க இடத்துலயும் இப்படி ஒரு டெண்டர் வரப்போகுதுன்னா இத ஒரு தடவ படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். சர்வே பிரமாதம். ட்ரோன் விட்டு மேப் எடுக்கிறது இப்ப எல்லாரும் பண்றதுதான், ஆனா இவங்க மரக் கணக்கு எடுத்த விதம் இருக்கே, அதுக்கே தனியா காசு குடுக்கலாம். ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் நெஞ்சு உயரத்துல அடிமர விட்டம் அளந்து, அத 12ஆல பெருக்கி, அந்த ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, இதுக்குள்ள தோண்டக் கூடாதுன்னு மேப்ல குறிச்சாங்க. 50 சென்டிமீட்டர் விட்டம்னா 6 மீட்டர் ஆரம். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா கேம்பஸ்ல மரம் சாகுறது பாதி நேரம் கோடாரியால இல்ல, பக்கத்துல கேபிளுக்கோ பைப்புக்கோ பள்ளம் தோண்டி வேர அறுத்துடறாங்க, லாரி ஏறி மண்ணு கெட்டிப்பட்டுப் போகுது, மரம் உடனே ஒண்ணும் ஆகாம நின்னுட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு காயும், அப்ப கேட்டா நாங்க மரத்த தொடவே இல்லையேன்னு காண்ட்ராக்டர் சொல்லுவாரு, அதுவும் உண்மைதான்.

இன்னொரு நல்ல விஷயம் டைம்டேபிள கேட்டு வாங்கினது. எல்லா டிபார்ட்மென்ட்டும் இடம் பத்தல பில்டிங் வேணும்னு எழுதிக் குடுத்திருந்துச்சு. இவங்க எந்த ரூம் எத்தன மணிக்கு நிறையுது எப்ப காலியா கிடக்குதுன்னு கணக்கெடுத்து ஒரு பக்கத்துல போட்டுக் காட்டினதும் கமிட்டி ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. காலைல நெருக்கடி, மதியத்துக்கு மேல ஈ ஓட்டுது, பெரிய ஹால்ல சின்ன கிளாஸ் நடக்குது. கட்டாம தவிர்க்கிற கட்டிடம்தான் காலியிடத்துக்கு பெரிய காவல், அத இந்த ஒரே பக்கம் எங்க ஆளுங்களுக்கு புரிய வச்சுச்சு. இதுக்கு முழு மார்க்.

இப்ப வாக்த்ரூ வீடியோ, அதாவது கட்டப்போற கேம்பஸுக்குள்ள நடந்து போற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். எப்பவும் வெயில் சாயுற நேரம், நட்ட அன்னிக்கே 30 வருஷ வளர்த்தில நிக்கிற மரங்க, எங்கயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது, பைக் கிடையாது. துணைவேந்தர் ரூம்ல கை தட்டினாங்க. அந்த வீடியோவுக்கு பில்லுல எவ்வளவு போயிருக்கும்னு யோசிச்சா வயிறு எரியுது, சரி விடுங்க.

என் சண்டையே காலியிடத்த அவங்க கையாண்ட விதத்துலதான். முதல் டிராஃப்ட்ல கட்டிடத்த எல்லாம் வரைஞ்சு முடிச்சிட்டு, தையக்கடைல துணி வெட்டினது போக மிஞ்சுற துண்டு மாதிரி மிச்சம் இருந்த இடத்துக்கெல்லாம் பச்சை கலர் அடிச்சு, கேம்பஸ்ல பாதிக்கு மேல ஓபன் ஸ்பேஸ்னு ஒரு ஸ்லைடு போட்டாங்க. உள்ள போய் பாத்தா ரோட்டு நடுவுல இருக்கிற மீடியன், காம்பவுண்ட் சுவத்தோரம் கட்டாம விட வேண்டிய செட்பேக் இடம், சப்ஸ்டேஷன் பின்னாடி இருக்கிற சரிவு, புல்லுக்கல் பதிச்ச பார்க்கிங், எல்லாம் அந்த பச்சைக்குள்ள. ஒரு கார நிறுத்த, வழியையும் சேத்து, 25லேர்ந்து 30 சதுர மீட்டர் ஆகும். 100 கார்னா 3,000 சதுர மீட்டர் வரைக்கும் போகும், முழு அளவு ஃபுட்பால் கிரவுண்டே 7,140தான். அத ஓபன் ஸ்பேஸ்னு எழுத மனசு எப்படி வந்துச்சு?

சதவீதம்ங்கிறதே இந்த விஷயத்துல ஏமாத்து வேலை. காலியிடம் ஒரு இடமா இருக்கணும், அதுக்கு ஒரு ஓரம் இருக்கணும், நாலு பக்கமும் எதாவது ஒண்ணு அத அணைச்சு நிக்கணும், பேர் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா பேர் இருக்கிற இடத்துல கட்டப் போனா சத்தம் வரும், பேரில்லாத மூலைல கட்டினா எவனும் கேக்க மாட்டான். அளவுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு, சுத்தி நிக்கிற கட்டிடத்தோட உயரத்த விட மூணு மடங்கு அகலம் வரைக்கும் அந்த முற்றம் ஒரு இடமா தெரியும், அதுக்கு மேல விரிய விரிய வெறும் வெட்டவெளிதான். 15 மீட்டர் உயரத்துக்கு 45 மீட்டர். எங்க பிளான்ல மெயின் லான்னு போட்டது இதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல, மதியம் அத யாரு கடந்து போவா சொல்லுங்க.

இதுல தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கு போட்ட பிளான நான் கமிட்டில ஒரு உதாரணமா எடுத்து வச்சேன். நடுவுல நீளமா ஒரு புல்வெளி, ரெண்டு பக்கமும் ஆசிரியர் வீடும் கிளாஸும் சேந்த அஞ்சஞ்சு பெவிலியன், தலைமாட்டுல ரோட்டண்டாங்கிற வட்டமான கட்டிடம், தெக்குப் பக்கம் மலை தெரியுற மாதிரி திறந்தே விட்டிருந்தாரு. 1895ல ரோட்டண்டா தீப்பிடிச்சு எரிஞ்ச பிறகு கிளாஸ் நடத்த இடம் வேணும்னு ஸ்டான்ஃபோர்டு வைட்டுங்கிற ஆர்க்கிடெக்ட்டோட டிசைன்ல 1898ல அந்த தெக்கு முனையில கட்டிடம் எழும்பிடுச்சு, பார்வை அடைஞ்சது அடைஞ்சதுதான். அந்தக் கட்டிடம் அசிங்கம்னு நான் சொல்ல வரல, தேவையும் நிஜம்தான். ஆனா அந்த திறந்த முனைய ஜெஃபர்சன் வேணும்னே விட்டாருங்கிறது கட்டுறவங்க கைய பிடிச்சு நிறுத்துற விதியா எங்கயும் இல்ல. அவசரம்னு வந்துட்டா காலியிடம்தான் கைக்கு எட்டுற முதல் சைட், இடிக்க வேண்டியது இல்ல, யாரையும் மாத்த வேண்டியது இல்ல, ரோடு பக்கத்துலயே இருக்கும்.

நேர்மாறா சான்டா குரூஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி கேம்பஸ். 1965ல ஆரம்பிச்சது. தாமஸ் சர்ச்சுங்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் அங்க பெரிய புல்வெளிய தொடாதீங்க, மேல மரக்கூட்டத்துக்குள்ள கட்டிடத்த சொருகுங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, கட்டறதுக்கு லேசான இடம் எதுன்னு பாத்தா புல்வெளிதான், அதயே விட்டாங்க. பின்னாடி கிழக்குப் பக்க புல்வெளில குடியிருப்பு கட்ட திட்டம் வந்தப்போ அது கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஸ்டூடண்ட்ஸுக்கு வீடு வேணும்ங்கிறதும் நியாயம், அதனால யார் சரின்னு நான் தீர்ப்பு சொல்லல, ஆனா அம்பது வருஷம் கழிச்சும் சண்ட போட ஆள் இருந்தாங்கன்னா அந்த இடம் இடமா இருந்துச்சுன்னுதான அர்த்தம்.

இதெல்லாம் பேசினதுக்கப்புறம் ரெண்டாவது டிராஃப்ட் எவ்வளவோ தேவல. கேம்பஸ துண்டு துண்டா பகுதி பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு உச்சவரம்பு வச்சாங்க, தரைய எவ்வளவு மூடலாம்னு ஒண்ணு, எல்லா மாடியும் சேத்து மொத்தம் எவ்வளவு கட்டலாம்னு ஒண்ணு. ரெண்டும் வேணும். எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவுக்கு எல்லா மாடியும் சேத்து எத்தன மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, அத மட்டும் வச்சா 10,000 சதுர மீட்டர ரெண்டு மாடியா பரப்பி 5,000 சதுர மீட்டர் தரைய தின்னுட்டு போகலாம், அதயே அஞ்சு மாடியா ஏத்தினா 2,000தான் போகும், எஃப்எஸ்ஐ கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். தரைக்கு மட்டும் வரம்பு வச்சா கோபுரமா ஏத்திட்டு நிழல், லிஃப்ட், கீழ கூட்டம் எல்லாத்தையும் நம்ம தலைல கட்டுவாங்க. அஞ்சு மாடிக்கு மேல கிளாஸ்ரூம் வச்சா பத்து நிமிஷ இடைவேளைல லிஃப்ட் வாசல்லயே பாதி நேரம் போயிடும்ங்கிறத அவங்களே சொன்னாங்க, அது நல்லா இருந்துச்சு.

ஆனா கடைசி பக்கத்துக்கு முந்தின பக்கத்துல ஒரு வரி, நிர்வாகம் தேவைப்படும்போது இந்த வரம்புகளை மாற்றிக்கொள்ளலாம். முடிஞ்சுது கதை! மாத்தவே கூடாதுன்னு யாரும் கேக்கல, யாரு மாத்தலாம், யார்கிட்ட சொல்லிட்டு மாத்தணும், எடுத்த இடத்துக்கு பதில் இடம் எங்கன்னு எழுதணும்ல. போராடி ஒரு விதி சேத்தோம், குறிச்சு வச்ச காலியிடத்துல கட்டிடம் கை வச்சா அந்த புராஜெக்ட் பட்ஜெட்லயே வேற இடத்துல அதே அளவு உருவாக்கணும்னு. கன்சல்டன்ட் இதுக்கு எதிர்ப்பு தெரிவிக்கல, ஆனா தானா எழுதவும் இல்ல, ஏன்னா ஃபீஸ் குடுக்கிறது நிர்வாகம்.

20 வருஷ படம்ங்கிற எண்ணமே எனக்கு ஒத்து வரல, இதையும் சொல்லிடறேன். ஓரிகன் யுனிவர்சிட்டில 1970கள்ல கிறிஸ்டோபர் அலெக்சாண்டர்ங்கிற ஆர்க்கிடெக்ட்டோட குழு மாஸ்டர் பிளான் படமே வேணாம், எல்லாரும் ஒத்துக்கிட்ட சில கொள்கை போதும், சின்னச் சின்னதா வளருங்க, வருஷா வருஷம் கேம்பஸ்ல எந்த இடம் உயிரோட இருக்கு எது செத்துக் கிடக்குன்னு மேப் போட்டு பாருங்கன்னு சொன்னாங்க, பயன்படுத்துறவங்களே முடிவுல இருக்கணும்ங்கிறதும் அதுல ஒண்ணு. இத நம்ம கன்சல்டன்ட்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு, படம் இல்லாம எப்படி சார் பில் போடறதுன்னு நேரா கேக்கல, ஆனா அதான் அர்த்தம். ஒர்க்ஷாப் வச்சாங்க, கலர் சீட்டு ஒட்டச் சொன்னாங்க, அது சடங்கு. உருப்படியான தகவல் எல்லாம் செக்யூரிட்டி அண்ணங்ககிட்டயும் கூட்டிப் பெருக்குற அக்காங்ககிட்டயும் இருந்துச்சு, எந்த படிக்கட்டுல ராத்திரி லைட் பத்தல, எங்க தண்ணி நிக்கும், பசங்க எந்த பக்கம் புல்ல மிதிச்சு குறுக்கு வழி போட்டிருக்காங்கன்னு. அந்த ஒத்தையடிப் பாதைய எல்லாம் சர்வே பசங்க மேப்ல ஏத்தியிருந்தாங்க, டிசைன் டீம் அதத் திறந்தே பாக்கல போல, புது நடைபாதை நேர்கோட்டுல வேற எங்கயோ போகுது.

மழைத்தண்ணி ரொம்ப மோசம். 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடில 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 50,000 லிட்டர், இது ஸ்கூல் கணக்கு. இத்தன கட்டிடம் சேத்தா அந்த தண்ணி எங்க போகும்னு ரிப்போர்ட்ல அரைப் பக்கம், அதுலயும் பாதி படம். போதாததுக்கு மெயின் லானுக்கு அடியில பேஸ்மென்ட் பார்க்கிங் போட்டிருந்தாங்க, மேல பச்சையா இருந்தா போதும்னு நெனப்பு. கான்கிரீட் ஸ்லாப்புக்கு மேல ஒரு மீட்டர் மண்ணாவது இல்லாம அங்க பெரிய மரம் நிக்குமா, தண்ணிதான் உள்ள இறங்குமா, புல்லும் குரோட்டன்ஸும்தான் மிஞ்சும். கேள்வி கேட்டதும் எடுத்துட்டாங்க, கேக்காம விட்டிருந்தா இந்நேரம் டெண்டர் ஆயிருக்கும்.

ஃபேஸிங், அதாவது எத மொதல்ல கட்டி எத அப்புறம் கட்டறதுங்கிற வரிசைய, நல்லா பண்ணியிருக்காங்க. மொதல்ல ஒரு பொது பிளாக் கட்டி, பழைய கட்டிடத்துல இருக்கிறவங்கள அதுக்குள்ள மாத்தி, பழச ரிப்பேர் பண்ணி, அடுத்தத காலி பண்ணின்னு வரிசையா போகும், அதனால நடுவுல ஷெட்டு போட வேண்டாம். ஷெட்டு ஒரு சாபம், தற்காலிகம்னு எழுதி போடுவாங்க, அடுத்த வருஷம் ஏசி மாட்டுவாங்க, அப்புறம் அதுக்கு ரூம் நம்பர் வந்துடும்.

மொத்தத்துல மூணு ஸ்டார். சர்வேக்கும் ஃபேஸிங்குக்கும் இவங்கள திரும்ப கூப்பிடுவேன், மழைத்தண்ணிக்கு தனியா ஒரு ஹைட்ராலஜி ஆள வச்சுக்கோங்க, விதி எழுதுறத கமிட்டியே எழுதுங்க, வாக்த்ரூவ ஒப்பந்தத்துல இருந்தே தூக்கிடுங்க. அப்புறம் முக்கியமா ஜிஐஎஸ் லேயரும் (கம்ப்யூட்டர் மேப்போட அடுக்கு) கேட் (CAD) வரைபட ஃபைலும் உங்க எஸ்டேட் ஆபீஸ் பேர்ல வரணும்னு மொதல்லயே எழுதி வாங்குங்க. எங்களுக்கு பிடிஎஃப் மட்டும் அனுப்பிட்டு மரக் கணக்கு லேயர் கேட்டதுக்கு அது தனி சார்ஜுன்னாங்க, கடைசி பில்ல நிறுத்தி வச்ச பிறகுதான் வந்துச்சு.