காசு குடுத்து வாங்குன துரு: ஜிஎஃப்ஓ மீடியா 4 மாசம் போட்டுப் பாத்தது

நம்ம ஊர்ல கடக்காத்துக்கு கேட்டு, சைக்கிளு, ஜன்னல் கம்பி எல்லாம் ஓசிலயே துரு பிடிக்கும், நான் என்னடான்னா ஆன்லைன்ல 1,400 ரூவா குடுத்து அரைக்கிலோ துரு வாங்கிருக்கேன். ஆமா, ஜிஎஃப்ஓன்னு பெரிய பேரு சொல்லி விக்கது அயர்ன் ஆக்சைடு ஹைட்ராக்சைடு குருணைதான். மீன் தொட்டி ஃபில்டர்ல போட்டா, வெள்ளத்துல கெடக்க, பாசிக்கு தீனியான பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சுக்கிடும், அம்புட்டுதான் அதுக்க வேலை.

தக்கலைல வீடு. கடல் மீனு வளக்குத 3 அடி உப்பு வெள்ளத் தொட்டி, கிட்டத்தட்ட 190 லிட்டர், ரெண்டு க்ளவுன் மீனு, ஒரு கோபி மீனு, கொஞ்சம் சோவா, மஷ்ரூம்னு பவள வகை. எட்டு மாசம் நல்லாதான் போச்சு. பொறவு பாறை மேல பச்சையா முடி மாதிரி கெளம்பிச்சு பாருங்க, ஹேர் ஆல்கே, ஒரு மாசத்துல சோவாவையே காணல. அம்மை வந்து பாத்துட்டு "லேய் மக்கா, இது நம்ம கொளத்துல கெடக்க பாசில்லா, இதுக்கா லைட்டும் மோட்டாரும் வச்சு கரண்டு பில்லு கெட்டுத"ன்னு கேட்டா. என்னத்த சொல்ல.

தப்பு எனக்க மேலதான். குளச்சல் சாளைய பொடியா நறுக்கி, கழுவாம அந்த ரத்தத்தோடயே டெய்லி ரெண்டு நேரம் போட்டுட்டு இருந்தேன். போராததுக்கு வீட்டு ஆர்ஓ வெள்ளம். குடிக்க ருசி வேணும்னு அந்த மெஷின்ல டிடிஎஸ் (வெள்ளத்துல கரைஞ்சு கெடக்க உப்பு) கூட்டுத திருகு ஒண்ணு உண்டு, அதுவழி பச்ச வெள்ளமும் கலந்துதான் குழாய்ல வரும், மீட்டர வச்சுப் பாத்தா 70. உப்பு கலக்குத வெள்ளத்துக்கு 0 காட்டணும். ஹன்னா செக்கர்ங்குத டெஸ்ட் மீட்டர்ல பாஸ்பேட் 0.32 பிபிஎம், 0.1க்கு கீழ கெடந்தா கொள்ளாம். இவ்வளவு பாசி தின்ன பொறவும் மிச்சம் கெடக்கதே 0.32ன்னா பாத்துக்கிடுங்க.

இனி சரக்குக்கு வாறேன். மொத நாளு அவசரத்துல ஒரே ஒரு தடவ அலசிட்டு வலைப்பையில கெட்டி ஃபில்டர்ல போட்டேன், ராத்திரி பாத்தா தொட்டி முழுக்க செம்மண் ரோட்டுல மழை பெஞ்ச மாதிரி. வாளில போட்டு தெளிஞ்ச வெள்ளம் வாரது வரைக்கும் அலசணும், கைய வச்சு கசக்கப்பிடாது, கசக்குனா பொடிஞ்சு இன்னும் தூசிதான் வரும்.

அடுத்த கூத்து அளவுல. பாக்கெட்டுல போட்டிருந்த அளவ அப்படியே முழுசா போட்டேன். 4 நாள்ல 0.32 இருந்தது 0.02, நான் ஜெயிச்சாச்சுன்னு ஆட்டம் போட்டேன், ஆனா சோவா எல்லாம் வாய மூடிட்டு உக்காந்துட்டு, கேஎச் (வெள்ளத்துக்க கார அளவு) 9ல இருந்து 7.5க்கு எறங்கிட்டு, ரெண்டு வாரத்துல மணல் மேல பழுப்பு நெறத்துல மூக்குச்சளி மாதிரி ஒண்ணு குமிழி குமிழியா வந்துச்சு. ராத்திரி மறையும், பகல்ல வரும். டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட்டுன்னு ஒரு ஒத்தச்செல் உயிரு. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பூஜ்யத்துக்குப் போனா இந்த சவம் வந்து கேறிக்கிடும். மொதல்ல கால் அளவு போடுங்க, பைய கூட்டுங்கன்னு பாக்கெட்டுல ஒரு வரி எழுதக் கூடாதாக்கும்? ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கொறைச்சேன்.

மீடியாவ வெளிய எடுத்துட்டு, டைனோ அடங்க ஒன்றர மாசம் ஆச்சு. மறுபடியும் கால் அளவுல தொடங்குனேன். எறங்கும், மூணு நாள்ல பழைய இடத்துக்கே ஏறும், மீடியா செத்துப்போச்சுன்னு நெனைச்சேன், அப்படி இல்ல. பாறை இத்தன நாளா குடிச்சு வச்சிருந்த பாஸ்பேட்ட திருப்பி விடுது. அது தீருத வரைக்கும் மாத்தி மாத்தி போடணும். இப்பம் 0.06ல நிக்கி.

இதுக்கெடையில பாசிய இது கொல்லும்னு நம்பிறாதீங்க, தீனியத்தான் நிறுத்தும். ஞாயித்துக்கெழமை தோறும் பழைய டூத் பிரஷ்ஷும் ட்யூபும் வச்சு பிச்சு உறிஞ்சி எடுத்தது நான்தான், முதுகு போச்சு. நீளமா வளந்தத டர்போ நத்தை ஏறிட்டும் பாக்காது, கட்டையா வெட்டி விட்ட பொறவுதான் மேஞ்சுது. உங்க பாசி எறகு மாதிரி கிளை விட்டிருந்தா அது பிரயாப்சிஸ், அதுக்கு இது போட்டு பைசாவ கரைக்காதீங்க.

சாளைய நிறுத்தி கழுவுன கூனிக்கு மாறியாச்சு, ஆர்ஓவுக்கு பின்னால தனியா டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்குத குருணை) கெட்டியாச்சு. உள்ளத சொன்னா பாதி குணம் அதுலதான். ஆனாலும் பாறைக்குள்ள ஊறிக் கெடந்தத வாங்குனது இந்தத் துருதான், அதனால 5க்கு 4. அரைக்கிலோல இன்னும் கால்வாசி மிச்சம் கெடக்கு, பூவா டப்பால போட்டு மேல பேரு எழுதி வச்சிருக்கேன், இல்லன்னா அம்மை காப்பித்தூள்னு எடுத்துருவா.