விம்பிள்டன் அருங்காட்சியகம்: வெள்ளித் தட்டுக்கு முன் பாவாடையைப் பாருங்கள்

விம்பிள்டன் டென்னிஸ் அருங்காட்சியகம் இருப்பது லண்டன் சர்ச் ரோட்டில், மைதானத்தின் 4-ஆம் எண் வாசலில். சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. போட்டி நடக்கும் இரண்டு வாரத்தில் மைதான டிக்கெட் இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த நாட்களில் போகாதீர்கள். மைதானத்தைச் சுற்றிக்காட்டும் டூர் எடுத்தால் அருங்காட்சியகமும் அதிலேயே அடக்கம்.

உள்ளே போனதும் கோப்பைகளைத் தேடி ஓடத் தோன்றும். ஆரம்பகாலப் பெண்கள் ஆட்டம் பிடிபட வேண்டுமானால் விக்டோரியா கால உடைகளில் தொடங்குங்கள். இடுப்பை இறுக்கிக் கட்டிய கோர்செட் என்ற உள்ளாடை, தரை தொடும் பாவாடை, தலையில் தொப்பி. தோளுக்கு மேல் கையை வீசவே சிரமம். பலர் சர்வீஸைக் கீழ்க்கையால் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரப் புல்லில் விளிம்பு நனைந்தால் பாவாடை இன்னும் கனக்கும். 1887-ல் பட்டம் வென்ற லாட்டி டாட்டுக்கு வயது 15. பள்ளிச் சிறுமி என்பதால் குட்டைப் பாவாடை அணிந்து ஓட முடிந்தது. எதிரில் நின்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பிறகு வீனஸ் ரோஸ்வாட்டர் தட்டு, அதாவது பெண்கள் ஒற்றையர் சாம்பியனுக்கான வெள்ளித் தட்டு. 1864-ல் செய்தது, விட்டம் ஏறக்குறைய 48 செ.மீ. பெயர்தான் வீனஸ், நடுவில் உட்கார்ந்திருப்பவள் 'நிதானம்' என்ற குணத்தின் உருவம்! 1957 வரையிலான சாம்பியன்களின் பெயர்கள் உள்பக்கத்தில், மற்றவை வெளிப்பக்கத்தில். பழைய பெயர்களை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: 1886 முதல் 1921 வரை நடப்புச் சாம்பியன் கடைசி ஆட்டம் ஒன்றை மட்டும் ஆடினால் போதும். டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸின் ஏழு பட்டங்களை இன்றைய கணக்கோடு ஒப்பிடக் கூடாது. அதற்காக அவரைக் குறைத்தும் மதிக்க வேண்டாம். 1919-ல், 40 வயதில், பிரெஞ்சு வீராங்கனை சுசான் லெங்லெனுக்கு எதிராக இரண்டு மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை) வரை போய்த்தான் 10-8, 4-6, 9-7 என்று தோற்றார்.

அந்த ஆட்டம் நடந்தது இந்த மைதானத்தில் அல்ல. போட்டி சர்ச் ரோடுக்கு வந்தது 1922-ல்தான். 1884-ல் 13 பெண்கள் ஆடி, மாட் வாட்சன் தன் உடன்பிறந்த லில்லியனை 6-8, 6-3, 6-3 என்று வென்ற பழைய இடம் வொர்பிள் ரோடு. இன்று அது ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடல். நினைவுப் பலகையும் பக்கத்தில் ரயில் பாதையும்தான் இருக்கின்றன. அதைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.