"90 நாளில் ஏ1 முதல் பி1": ஜெர்மன் கோச்சிங்கில் 48,500 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்துக் கட்டுங்க

நேற்று சாயந்திரம் ரிசல்ட் வந்தது. தங்கச்சி எழுதியது கோத்தே பி1, அதாவது ஜெர்மனியின் கோத்தே நிறுவனம் நடத்தும் மொழித் தேர்வு (ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் போகும்). வாசிப்பு 70, கேட்டல் 43, எழுத்து 48, பேச்சு 52. நாலு பகுதிக்கும் தனித்தனியாக நூறு மார்க், ஒவ்வொன்றிலும் 60 எடுத்தால்தான் பாஸ். மூன்று அவுட். கோச்சிங்குக்குக் கட்டியது 48,500 ரூபாய்.

இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. நர்சிங் முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டுகிற ஆன்லைன் ஜெர்மன் கோச்சிங், அந்த ரகம். எப்படி ஏமாந்தோம் என்பதை எழுதிவிட்டு, பி1க்கு ஒழுங்காகப் படிப்பது எப்படி என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஜெர்மன் தெரியும். அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது. சும்மா விளம்பரத்தைப் பார்த்துக் கட்டவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கட்டினேன். ஆரம்பத்திலிருந்து பி1 வரை வர 350 முதல் 650 பாட அலகு தேவை என்பது கோத்தே சொல்லும் அளவு. ஒரு அலகு 45 நிமிடம். இவர்கள் பிரோஷரில் 300 மணி நேரம் என்று இருந்தது. அதாவது 400 அலகு. தினம் மூன்று மணி இருபது நிமிடம் உட்கார்ந்தால் 90 நாளில் முடியும், அவளும் வீட்டில்தான் இருக்கிறாள். கணக்கு இடிக்கவில்லை. அந்த 300இல் நேரடி வகுப்பு எத்தனை என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

அதைக் கேட்கவிடாமல் செய்தது டெமோ வகுப்பு. வந்தவர் நிஜமாகவே நல்ல வாத்தியார். 'வைல்' (ஏனென்றால்) வாக்கியத்தை எடுத்தார். நம் ஊரில் ஜெர்மன் படிக்கிற முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் வழியாக யோசித்து 'வைல் இஷ் ஆர்பைட்டெ ஹொய்டெ' என்று வினையை நடுவில் செருகிவிடுவார்கள். தப்பு. 'வைல் இஷ் ஹொய்டெ ஆர்பைட்டெ' என்று வினை கடைசிக்குப் போகவேண்டும். அவர் தங்கச்சியிடம், "இங்கிலீஷை ஓரமா வைம்மா. 'நான் இன்னைக்கு வேலை செய்யறதால'ன்னு சொல்லு. வினை எங்க வந்துச்சு? கடைசில. அவ்ளோதான், தமிழ்க்காரங்களுக்கு இது ஈஸி" என்றார். அவள் உடனே தானாக இரண்டு வாக்கியம் சரியாகச் சொன்னாள். இதைவிட நல்லா யாரும் சொல்லித்தர முடியாது என்று அந்த ராத்திரியே 8,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். மீதி 40,000க்கு "நோ காஸ்ட் இ.எம்.ஐ.", மாதம் 5,000 வீதம் எட்டு மாதம்.

அந்த வாத்தியாரை அதற்கப்புறம் ஒரு நாளும் பார்க்கவில்லை. டெமோவுக்கு மட்டும்தான் அவராம்.

பணம் கட்டிய ஒன்பதாவது நாள் வகுப்பு ஆரம்பித்தது (இந்த ஒன்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்). 12 பேர் பேட்ச் என்றார்கள், திரையில் 46 பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு மணி நேரம். 13 வாரத்துக்கு 65 மணி, 87 அலகுகூட முழுசாகத் தேறாது. குறைந்தபட்சம் வேண்டிய 350இல் கால்வாசி. மீதி 235 மணி நேரமும் ரெக்கார்டட் வீடியோ. ஒரு மணி நேரத்தை 46 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நிமிடத்துச் சொச்சம், அதுவும் மைக் திறந்தால். பி1 பேச்சுத் தேர்வு இரண்டிரண்டு பேராக நடக்கும். இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிட வேண்டும், ஆளுக்கு ஒரு தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். ஜோடியாகப் பேசவிட்டது மொத்தக் கோர்ஸிலும் ஒரு தடவைகூட இல்லை.

நோட்ஸ் பி.டி.எஃப். அதைவிட மோசம். உச்சரிப்பெல்லாம் தமிழ் எழுத்தில். நானும் இந்தப் பதிவில் தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் இதை வைத்து யாரும் உச்சரிப்புப் படிக்கப் போவதில்லை. அதில் தோட்டத்துக்கும் 'கார்ட்டன்', சீட்டுகளுக்கும் 'கார்ட்டன்' என்று போட்டிருந்தது. ஜெர்மனில் முதலாவது 'கணேசன்' என்று சொல்லும்போது வருகிற க, இரண்டாவது 'கண்' என்னும்போது வருகிற க. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. மூன்று மாதம் இதைப் பார்த்துப் படித்தவளுக்குக் காதில் எப்படி வித்தியாசம் தெரியும்? கேட்டலில் 43 வந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் மாக் டெஸ்ட். நிஜத் தேர்வில் கேட்டல் நாலு பாகம். முதலாவதும் நாலாவதும் இரண்டு தடவை ஓடும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே தடவைதான். இவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை ஓடவிட்டு 80 மார்க் போட்டுக் கொடுத்தார்கள். அந்த 80ஐ நம்பித்தான் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

எழுத்துப் பயிற்சி விஷயம் தெரிந்ததும்தான் எனக்குக் கொதித்தது. தேர்வில் ஒரு மணி நேரத்தில் மூன்று எழுத வேண்டும்: நண்பருக்கு மெயில் 80 வார்த்தை, ஒரு விஷயத்தைப் பற்றிக் கருத்து 80 வார்த்தை, மரியாதையாக ஒரு சின்ன மெயில் 40 வார்த்தை. அவள் அனுப்பிய ஒரு மெயிலில் 'இஷ் ஹாபெ நாஹ் பெர்லின் கெஃபாரன்' (நான் பெர்லினுக்குப் போனேன்) என்று இருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைச் சொன்னால் அங்கே 'ஹாபெ' வராது, 'பின்' வரவேண்டும். ஏ2வில் திருத்தியிருக்க வேண்டிய பிழை. திரும்பி வந்த திருத்தம்: "சூப்பர், கீப் இட் அப்", பக்கத்தில் ஒரு கட்டைவிரல். 22 எழுத்துப் பயிற்சி அனுப்பியிருக்கிறாள். 22க்கும் கட்டைவிரல்தான். இதற்கு 48,500.

கேட்கப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. "சார், மேடம் மெடிக்கல் லீவ்." மூன்று மாதத்தில் மூன்று டீச்சர் மாறினார்கள். "அகாடமிக் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம் சார், 48 மணி நேரத்துல கால் வரும்." கால் வரவில்லை, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "பணம் கட்டின ஏழு நாளுக்குள்ள கேட்டிருக்கணும் சார், டெர்ம்ஸ்ல இருக்கு" என்றார் ஒருவர். வகுப்பே ஒன்பதாவது நாள்தானே ஆரம்பித்தது என்றேன். "அது சிஸ்டம் சார்" என்றார். என்ன சிஸ்டமோ. நேற்று ரிசல்ட்டோடு கூப்பிட்டபோது வந்த பதில்: "அதான் எங்க பி1 சர்டிஃபிகேட் குடுத்துட்டோமே சார்." ஜெர்மன் கொடி போட்ட அந்தக் காகிதத்தை வைத்து விசாவும் வாங்க முடியாது, நர்ஸ் வேலைக்கும் செல்லாது. கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. மாதிரி அங்கீகாரம் உள்ள தேர்வின் சான்றிதழ்தான் கேட்பார்கள். இவர்கள் அச்சடித்தது வெறும் கோர்ஸ் முடித்த சீட்டு.

இ.எம்.ஐ.யை நிறுத்தலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. "நோ காஸ்ட்" என்று அவர்கள் சொன்னது, என் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடன். 40,000உம் முதல் வாரமே மொத்தமாகக் கோச்சிங்குக்குப் போய்விட்டது. நான் கட்டாவிட்டால் அடி விழுவது என் சிபில் ஸ்கோருக்கு.

படிப்பது எப்படி என்று எழுத வந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது:

மொத்த மணி நேரத்தைக் கேட்காதீர்கள். நேரடி வகுப்பு எத்தனை நிமிடம் என்று கேட்டு 45ஆல் வகுங்கள். 350க்கு ரொம்பக் கீழே வந்தால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே படிக்கும் ஒருவருடைய திருத்திய எழுத்துத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு மை இல்லாத தாள் என்றால் கட்டாதீர்கள். டெமோ எடுத்தவர்தான் பாடம் எடுப்பாரா என்பதை மெயிலில் வாங்குங்கள், போனில் சொல்வது செல்லாது. ஏ1க்கு மட்டும் கட்டுங்கள், முடிந்தபின் ஏ2க்கு. கடன் என்றால் கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள், அதில் கூலிங் ஆஃப் (கடனிலிருந்து விலகிக்கொள்ளும் அவகாசம்) எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் விலகினால் அசலும் அந்த நாட்களுக்கான செலவும், தாளில் போட்டிருந்தால் பிராசசிங் கட்டணமும்தான்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நான் இன்று காலை 1915இல் பதிந்துவிட்டேன், வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறேன். குரூப்பிலிருந்து நீக்குவதற்கு முன்னால் நீங்களும் செய்துகொள்ளுங்கள்.

தங்கச்சி தேறிய வாசிப்பை மறுபடி எழுத வேண்டியதில்லை, மற்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். இனி வீட்டில் நானே சொல்லித்தருகிறேன். 48,500இல் இன்னும் நாலு தவணை, 20,000 ரூபாய் பாக்கி. அடுத்தது 5ஆம் தேதி பிடிப்பார்கள். அந்த 46 பேரில் யாராவது இதைப் படித்தால் மெசேஜ் பண்ணுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.