பத்திபோத்தா, ஹிராயா மனவாரியா?

பிலிப்பைன்ஸில் 80, 90களில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயதில் பார்த்த டிவியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பத்திபோத், ஹிராயா மனவாரி என்ற இரண்டு பெயர்கள் சீக்கிரமே வந்துவிடும். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தர வந்தவைதான் இரண்டும். சொல்லித்தரும் விதத்தில்தான் ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. ஃபிலிப்பினோ பண்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இரண்டில் எது தேவலை என்பதுதான் கேள்வி.

பத்திபோத்தின் பிறப்பே ஒரு கதை. 1983-ல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் பிள்ளைகள் நிகழ்ச்சிக்காரர்களோடு சேர்ந்து 'செசமி!' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. பாதி ஆங்கிலம், பாதி ஃபிலிப்பினோ. அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. 1985-ல் முழுக்க ஃபிலிப்பினோவில் பத்திபோத் தொடங்கியது. உருவம் சிறுசு, ஆள் கெட்டி என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். நம் ஊர்க் கடுகு மாதிரி.

இதில் பெரியவர்கள் யாரும் டீச்சராக வருவதில்லை. குயா போட்ஜி, ஆத்தே சியென்னா என்று உறவுமுறையோடுதான் வருகிறார்கள். குயா என்றால் அண்ணன், ஆத்தே என்றால் அக்கா. ஃபிலிப்பினோ பண்பாட்டின் அஸ்திவாரமே அங்கே இருக்கிறது: வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேச்சில் 'போ' என்று ஒரு சின்ன ஒட்டு வேறு. நாம் 'வாங்க', 'சொல்லுங்க' என்று சேர்க்கும் 'ங்க' மாதிரிதான். இதையெல்லாம் விதியாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காதில் விழுந்து விழுந்துதான் படியும். பத்திபோத் செய்தது அதைத்தான்.

ஆமை போங் பாகோங், குரங்கு கிகோ மாட்சிங் என்ற இரண்டு பொம்மைகள்தான் அதன் பெரிய நட்சத்திரங்கள். இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிசால் 1889-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதிய பழைய நாட்டுப்புறக் கதையில் ஆமையும் குரங்கும் ஜென்மப் பகையாளிகள். ஒரு வாழைக்கன்றைப் பாதியாகப் பிரிக்கிறார்கள். பேராசைக்காரக் குரங்கு இலையுள்ள மேல்பாதியை எடுக்கிறது, அது காய்ந்து போகிறது. ஆமைக்குக் கிடைத்த கிழங்குப் பாதி துளிர்த்துக் குலை தள்ளுகிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், அதே இருவரைச் சிநேகிதர்களாக்கி ஒரே தெருவில் குடிவைத்தார்கள். 'பகிகிசாமா' என்று அவர்கள் சொல்லும் அனுசரித்துப் போகும் குணத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கொடுமை என்னவென்றால், இந்தப் பொம்மைகளின் உரிமை அமெரிக்க நிறுவனத்திடமே இருந்தது. 90களில் இரண்டையும் கைவிட வேண்டியதாயிற்று. 2010-ல் டிவி5 சேனலில் பத்திபோத் திரும்பி வந்தபோதும் அந்த ஆமையும் குரங்கும் இல்லை.

குறி சொல்லும் மனாங் போலாவை விட மனசில்லை. கண்ணாடி உருண்டைமேல் கை சுழற்றி அவர் போடும் மந்திரம் 'ப-பெ-பி-போ-பு' என்றுதான் தொடங்கும். குறிசொல்லி வேஷத்தில் எழுத்துக்கூட்டும் பாடம்!

சரி, ஹிராயா மனவாரிக்கு வருவோம். 1995-ல் ஏபிஎஸ்-சிபிஎன் சேனலில் வந்தது. அறிவியலுக்கு சினேஸ்குவேலா, வரலாற்றுக்கு பயானி என்று அந்த சேனல் பாடவாரியாகப் பிரித்துக்கொண்டதில், நற்பண்புகள் இதன் பங்கு. 'மனதில் நினைப்பது நிறைவேறட்டும்' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் தனிக்கதை, கொஞ்சம் மாயாஜாலம், ஒரு சிக்கல், ஒரு தெளிவு. குறை என்று சொன்னால், பள்ளிக்கூட வாடை. கதை முடிவதற்குள் நீதி எட்டிப் பார்த்துவிடும்.

ஆனால் பத்திபோத்தால் தொட முடியாத இடம் ஒன்று இதற்கு உண்டு. 'உத்தாங் நா லோப்' என்று ஒரு ஃபிலிப்பினோ விழுமியம்: உத்தாங் கடன், லோப் உள்ளம். நம் செஞ்சோற்றுக்கடன் ஏறக்குறைய இதுதான், அதன் அழகும் ஆபத்தும் சேர்த்தே. உதவி செய்தவர் தப்பே செய்தாலும் அவர் பக்கம் நிற்க வேண்டுமா? கர்ணனை மாட்டவைத்த கேள்வி. இரண்டு நிமிடப் பொம்மைக் காட்சியில் இதை அலச முடியாது. ஒரு பாத்திரம் தவிக்க வேண்டும், அதைப் பிள்ளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'ஹியா' என்கிற வெட்க உணர்வும் அப்படித்தான். எவ்வளவு வெட்கப்பட்டால் பண்பு, எங்கே அது பயமாகிறது என்பது கதையில்தான் பிடிபடும்.

இந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக 'வான்சபனதைம்' பெயரையும் சிலர் சொல்வார்கள். 'ஒன்ஸ் அபான் எ டைம்' என்பதை ஃபிலிப்பினோ வாயில் சொன்னால் வருவது அது. 1997-ல் தொடங்கியது. பிரபல முகங்கள், பளபளப்பு, கடைசியில் ஒரு நீதி. பொழுதுபோக்குக்கு ஓகே, பண்பு சொல்லித்தர என்றால் என் பட்டியலில் கடைசி.

இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஆறு வயதுக்குள் பத்திபோத், யோசிக்காமல். எட்டு, ஒன்பது வயதில் 'ஏன் பாட்டி கையை நெற்றியில் வைத்து மானோ என்று ஆசி வாங்கணும்?' என்று பிள்ளை எதிர்க்கேள்வி போட ஆரம்பித்ததும் ஹிராயாவுக்கு மாறலாம்.