அரபு எழுத்தும் யூனிகோடும்: எட்டு வருடப் பழக்கத்தில் தெரிந்தது

அரபு, பாரசீகம், உருது மூன்றும் கலந்த சொற்பட்டியல் ஒன்றை எட்டு வருடமாகப் பராமரித்து வருகிறேன். அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிடித்த விஷயம். 'பே' என்ற எழுத்து தனியாக நின்றால் ஒரு வடிவம், சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வந்தால் வேறு வேறு வடிவம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் அதற்கு ஒரே எண், பதின்மக் கணக்கில் 1576. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. தமிழில் 'கெ'யின் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் 'க'தான் முதலில் இருக்கும் இல்லையா, அதே யோசனைதான். ரொம்பச் சரியான முடிவு.

சிக்கல் வேறு இடத்தில். ஒருநாள் 'கிதாப்' என்று தேடினால் அரபு வரிகள் மட்டும் வந்தன, உருது வரி ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எண்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, முதல் எழுத்தான காஃப் அரபில் 1603, உருது, பாரசீகக் காஃப் 1705. சொல்லின் முதலிலும் நடுவிலும் பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, கடைசியில் வந்தால்தான் முகம் மாறும். 'யே'யும் இப்படித்தான்: 1610, 1740. கடைசியில் வரும்போது அரபு யேக்குக் கீழே இரண்டு புள்ளி, பாரசீக யேக்கு இல்லை. ஒரே எழுத்தைப் பல விதமாகச் சேமித்திருந்தால் ஒரே விதமாக்கும் யூனிகோடு முறையான என்எஃப்சி இயல்பாக்கம்கூட இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோடு கணக்கில் இவை தனித்தனி எழுத்துகள்.

அப்புறம் பிடிஎஃப். அதிலிருந்து நகலெடுத்தால் சில சமயம் வடிவத்துக்கு ஒரு எண் என்று பழைய முறைகளோடு ஒத்துப்போவதற்காக யூனிகோடில் வைத்திருக்கும் குறிகள் வந்து விழும், எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட்டில் முடியவேண்டிய எழுத்து மூன்று பைட் பிடிக்கும். இந்த மாதிரிக் குறிகளையும் வழக்கமான எழுத்துகளாக மாற்றும் இயல்பாக்கமான என்எஃப்கேசி போட்டால் சரியாகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், நபியின் பெயரோடு சொல்லும் வாழ்த்தான 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்ற ஒற்றைக் குறி 18 குறிகளாக விரியும்.

இப்போது மூலத்தைத் தொடுவதே இல்லை. பட்டியலில் பக்கத்தில் தேடலுக்கென்று ஒரு நெடுவரிசை, அதில் மட்டும் காஃப், யே எல்லாம் ஒன்றாக்கி, உயிரொலியைக் காட்டும் ஹரகத் குறிகளை நீக்கி வைக்கிறேன். மூலத்திலேயே மாற்றினால் பாரசீகம் படிப்பவருக்குக் கடைசி யேயில் வேண்டாத புள்ளிகள் முளைக்கும், அது அந்த மொழிக்குச் செய்யும் அநியாயம்.

இன்னும் தீராதது பாரசீக 'மீ-ரவம்' போன்ற சொற்கள்தான். நடுவில் எழுத்துகளை ஒட்டவிடாத, கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று வரவேண்டும். சிலர் அதைப் போடுகிறார்கள், சிலர் இடைவெளி விடுகிறார்கள், சிலர் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். இவற்றை மட்டும் இன்றும் கையாலேயே சரிபார்க்கிறேன்.