பழைய 207-க்கு மலை ஏற உயிர் கொடுத்த மேட்டுப்பாளையம் பம்ப் கடை

இறங்கும்போது கேரட், ஏறும்போது கோழி எருவும் உர மூட்டையும். கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களின் பிக்கப்புக்கு வருஷம் முழுக்க இதுதான் வேலை. மேட்டுப்பாளையத்தில் இருந்து முப்பத்து சொச்சம் கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும், அதுவும் லோடோடு. அதனால் இஞ்சின் விஷயத்தில் சமவெளிக்காரர்கள் சொல்லும் யோசனை எங்களுக்கு பாதிதான் உதவும்.

என்னுடையது பழைய டாடா 207 டிஐ பிக்கப். 2956 சி.சி., இஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. போன வருஷம் இழுவை குறைய ஆரம்பித்தது. முதலில் காட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருகி, "இனிமே பறக்கும்ணா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் இழுக்கத்தான் செய்தது. அப்புறம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றும் அளவுக்குக் கரும்புகை. ஒரு நாள் எரு லோடோடு குஞ்சப்பனை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே போய் நின்றது, இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, கேஸ்கெட் போட்டு எடுத்த பிறகும் அதே புகை, இழுவையும் இல்லை.

வெறுத்துப்போய் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இஞ்சின் ஒன்று விலை பேசிவிட்டேன். அதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றுதான் மேட்டுப்பாளையத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் இந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பம்பைத் தொடவே இல்லை. "நைட்டு வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல இஞ்சின் ஆறி இருக்கும்போது நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறனுங்க" என்றார். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து, திருப்பி வாயிலேயே கவிழ்த்து வைத்தார். மூடி லேசாக ஆடியது, விழவில்லை. பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் தேய்ந்து எரிந்த புகை கீழே கசிவது, அதிகமாக இருந்தால் புகை தள்ளும், மூடி எகிறும். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கேஸ்கெட் இன்னும் கசிந்து தண்ணீரில் குமிழி வருகிறதா என்று அஞ்சு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இஞ்சின் நல்லா இருக்குதுங்க. உக்கடத்துல வாங்கறது எந்த மலைல எப்படி ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஆர்சியில வேற இஞ்சின் நம்பர் மாத்த அலையோணும்" என்றார். கையில் வரவிருந்த பெரிய வேலையை வேண்டாம் என்று சொல்லிய அந்த நிமிஷமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பம்பைக் கழற்றி கலிபரேஷன் மெஷினில் மாட்டியதைக் கூடவே நின்று பார்த்தேன். வரிசையாக நாலு கண்ணாடிக் குழாய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் ஒவ்வொன்றில் விழுகிறது. நாலும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். என்னுடையதில் மூன்றாவது குழாய் மட்டும் விரல் அகலம் மேலே நின்றது, மற்ற மூன்றும்கூட அளவுக்கு மேல்தான். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கை பம்பில் மாட்டி அடித்துக் காட்டினார். இரண்டு பனி மாதிரி தூவின, ஒன்று கோடாகப் பீய்ச்சியது, இன்னொன்று அடித்து முடித்த பிறகும் நுனியில் சொட்டு விட்டது. சொட்டுகிற டீசல் சரியாக எரியாமல் பிஸ்டன் தலையில் கரியாகப் படியும், அங்கேதான் சூடும் ஏறும் என்றார்.

டீசலைக் கூட்டினால் இழுவை கூடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த அளவு மூச்சு குறைகிறது. எரிக்கக் காற்று இல்லாத இடத்தில் டீசலை அதிகம் ஊற்றினால் அது புகையாகவும் சூடாகவும்தான் வெளியே வரும். கீழே மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுக்கும் செட்டிங் மேலே போனதும் இஞ்சினைக் கொல்லும். அதனால் அவர் கம்பெனி அளவுக்கே கொண்டுவந்து, அதிலும் துளி குறைத்து வைத்தார். நாலு நாசிலும் புதிது, டைமிங் பார்த்தார், டேப்பட் செட் செய்தார், ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னார்.

அவரே கண்டுபிடித்த இன்னொன்று ரேடியேட்டர் மூடி. ரப்பர் தட்டையாகி பிரஷர் பிடிக்காமல் இருந்திருக்கிறது. எங்கள் ஊர் உயரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், மூடி பிரஷர் பிடித்தால்தான் அது தள்ளிப்போகும். ஹெட் கேஸ்கெட்டுக்கு அவ்வளவு செலவு செய்த இடத்தில் யாரும் அந்தச் சின்ன மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

புதிதாக வண்டி தேடுகிறவர்களுக்கும் இங்கே யோசனை கேட்கலாம். 2523 சி.சி. மஹிந்திரா டிஐ எடுக்கலாமா என்று கேட்டவரிடம், தாராளமாக எடுங்கள், பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆனால் பெரிய டயர் போட்ட வண்டியை எடுக்காதீர்கள் என்றார். டயர் பெரிதானால் கியர் நீளமாகிவிடும், செகண்டில் ஏறுகிற வளைவில் ஃபர்ஸ்ட் போட வேண்டி வரும். குதிரைச் சக்தியை யாரும் கேட்க வேண்டாம், 1,500 ஆர்பிஎம்மில் இழுக்கிறதா என்று லோடு வைத்து ஓட்டிப் பாருங்கள் என்பது அவர் கணக்கு. கம்ப்யூட்டரும் சென்சாரும் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வண்டி உயரத்துக்குத் தகுந்த மாதிரி தானே டீசலைக் குறைத்துக்கொள்ளும், அதையும் அவர் குறை சொல்லவில்லை. ஆனால் மழையில் நடுவழியில் சென்சார் போனால் ஸ்பானரோடு ஒன்றும் செய்ய முடியாது. பழைய வண்டிதான் வாங்கப்போகிறோம் என்றால் மெக்கானிக்கல் பம்ப்தான் என் ஓட்டும்.

கூலி, நாசில், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 14,000 சொச்சம் ஆனது. எது சாமான், எது கூலி என்று பில்லில் பிரித்தே எழுதித் தந்தார். இப்போது அதே எரு லோடுக்கு செகண்ட் கியரில் நிதானமாக ஏறுகிறது, புகை கண்ணுக்குத் தெரிவதில்லை, முள் பாதிக்கு மேல் போவதில்லை. லிட்டருக்கு ஏழு கொடுத்தது பத்தை ஒட்டி வருகிறது. இறக்கத்தில் செகண்டிலேயே வைத்து இறங்கினால் இஞ்சின் பிடித்துக்கொள்கிறது, பிரேக் காயும் வாடை போயே போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்றவர் ஆறு நாள் ஆக்கினார், கேரட் அறுவடை நேரத்தில் அது பெரிய கஷ்டம், வாடகை வண்டிக்குத் தனியாகக் கொடுத்தேன். போன் எடுக்கவே மாட்டார். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, வண்டியை ரோட்டோரம்தான் விட வேண்டும்.

போகிறவர்கள் அறுவடை இல்லாத வாரமாகப் பார்த்து, முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள். மெஷினில் ஓட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கக் கேளுங்கள், மறுக்க மாட்டார். நாலு குழாயின் அளவையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி ஆர்சி கவரில் வையுங்கள், அடுத்த தடவை வேறு யாராவது ஸ்க்ரூவைத் திருக வந்தால் அதைக் காட்டலாம்.