சைனாடவுன் ஷாப்பிங்: சிங்கப்பூரா, கேஎல்லா, பாங்காக்கா?

மூணு ஊர்லயும் சைனாடவுன் இருக்கு, எதுக்கு நேரம் ஒதுக்கலாம்னு கேட்டா என் பதில் இதுதான்: சாமான் வாங்கணும்னா பாங்காக், நடந்து சுத்திப் பாக்கணும்னா சிங்கப்பூர். கேஎல், அதாவது கோலாலம்பூர், ரெண்டுக்கும் நடுவுல, அங்க எந்தச் சந்துல நுழையிறீங்கங்கிறதுல இருக்கு எல்லாம்.

சிங்கப்பூர்ல சைனாடவுன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் எக்ஸிட் ஏ வழியா மேல வந்தா நேரா பகோடா ஸ்ட்ரீட். ஃப்ரிட்ஜ் மேக்னட், கீ செயின், மெர்லயன் டி-ஷர்ட், பளபளன்னு ஜரிகை பர்ஸ், கடைக்குக் கடை அதே சரக்குதான். ஷாப்பிங்கை நம்பி இங்க போகாதீங்க. ஆனா அதே தெரு போய் முட்டுற சவுத் பிரிட்ஜ் ரோட்டுல 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்ச ஸ்ரீ மாரியம்மன் கோயில், பக்கத்துலயே தமிழ் முஸ்லிம்கள் கட்டின ஜாமியா மசூதி, கொஞ்சம் தள்ளி 2007ல திறந்த புத்தர் பல் கோயில், அதுக்கு எதிர்ல மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர், எல்லாம் நடந்தே பாத்துடலாம். இவ்வளவும் ஒரே ரோட்டை ஒட்டி இருக்குறது வேற எந்த ஊர் சைனாடவுன்லயும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஊர்க்காரங்க வாங்குற இடம் வேணும்னா சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் பேஸ்மென்ட் மார்க்கெட்டுக்கு இறங்குங்க, காலையிலேயே போயிடணும்.

கேஎல்ல பெட்டாலிங் ஸ்ட்ரீட்னா மேல பச்சைக் கூரை, கீழ டூப்ளிகேட் பேக், வாட்ச், ஷூ. சொல்ற விலையில பாதிக்கும் கீழ இருந்து பேரத்தை ஆரம்பிங்க, ஆனா என்னைக் கேட்டா அந்தச் சரக்கே வேணாம். பாத்திக் துணி, கைவினைப் பொருள்னா பக்கத்துல 1888ல ஆரம்பிச்ச சென்ட்ரல் மார்க்கெட் இருக்கு, அங்க போங்க. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு வெள்ளி ரதம் கிளம்புற மகா மாரியம்மன் கோயிலும் அடுத்த தெருதான். வெயில்ல அலைஞ்சு களைச்சா லோங்கான் பழம் போட்ட 'ஆயிர் மாத்தா குச்சிங்' ஜில்லுன்னு ஒரு கப் குடிங்க, அப்புறம் தெம்பா நடப்பீங்க.

பாங்காக் வேற லெவல். அங்க சைனாடவுனோட மெயின் ரோடான யாவராட்டுக்குப் பின்னாடி சாம்பெங் சந்து, எதிர்ல ஒருத்தர் வந்தா தோளைத் திருப்பித்தான் போகணும், அந்த இடத்துலயும் மூட்டை வண்டி தள்ளுறவங்க, நடுவுல பைக் வேற. ஹேர் கிளிப், பாசிமணி, ரிப்பன், பொம்மை, ஸ்டிக்கர், கிஃப்ட் பேப்பர்னு எல்லாமே ஹோல்சேல் கணக்கு, ஒண்ணு எடுத்தா ஒரு விலை, டஜனா எடுத்தா ஒரு விலை, அதனால வீட்டுல பத்துப் பேருக்கு ஏதாவது வாங்கணும், இல்ல நகை கோர்க்குற சின்ன பிசினஸ் வெச்சிருக்கேன்னா கண்ணை மூடிட்டு இங்கதான் வரணும். கடைக்காரங்க கால்குலேட்டர்ல நம்பரைத் தட்டிக் காட்டுவாங்க, பாஷை பிரச்சினையே இல்ல.

யாவராட் மெயின் ரோட்டுல சிவப்பு கலர்ல வரிசையா தங்கக் கடை. அங்க எடை கணக்கே 'பாட்'தான், ஒரு பாட் சுமார் 15.2 கிராம், நம்ம ரெண்டு பவுனை விடக் கொஞ்சம் கம்மி, தரம் 96.5 சதவீதம், நம்ம 916ஐ விட மேல. ஆசையா இருக்கும், ஆனா இந்திய கஸ்டம்ஸ் கணக்கு பாக்காம வாங்காதீங்க, நகைக்குன்னு இருக்குற தனிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்களுக்குத்தான்.

சைவக்காரங்களுக்கு மூணுமே கொஞ்சம் கஷ்டம்தான். பாங்காக்ல மஞ்சள்ல சிவப்பு எழுத்து போட்ட கொடி தொங்குற கடையைத் தேடுங்க, அது 'ஜே' சாப்பாடு, கறி, மீன், முட்டை கிடையாது, பூண்டு வெங்காயம்கூட சேக்க மாட்டாங்க. அதுவும் வேணாம்னா சாம்பெங் முடியிற பக்கம் பாஹுராட், நம்ம ஊர் புடவைத் துணியும் சூடா டீயும் கிடைக்கும்.

ஒரு விஷயம், சாம்பெங் பகல் மார்க்கெட், யாவராட் சாப்பாட்டுக் கடையெல்லாம் இருட்டினப்புறம்தான் களைகட்டும். அதனால காலையில வாங்கி முடிச்சு பையை ரூம்ல போட்டுட்டு, சாயங்காலம் எம்ஆர்டில வாட் மங்கோன் ஸ்டேஷன்ல வந்து இறங்குங்க, கை வீசிட்டு நிம்மதியா சாப்பிடலாம்.